வாளியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் டெங்கு

மாரி ஓய்ந்து தைப்பொங்கல் கழிகிற நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரே பேச்சுத்தான். யாரோ வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இரத்தம் சோதித்தார்கள், டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். உடனே எல்லோருடைய விரலும் வீதியோரக் கானைக் காட்டும். "இந்தக் கானை அள்ளினாத்தான் டெங்கு போகும்" என்று மாமிமார் சொல்வார்கள். சங்கத்தில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். கான் நாறுகிறது, அதில் நுளம்பு இருக்கிறது, எல்லாம் உண்மைதான். அதை அள்ளத்தான் வேண்டும். ஆனால் டெங்கைக் காவுகிற நுளம்பு பெரும்பாலும் அங்கே பிறப்பதில்லை. அது நம்முடைய வளவுக்குள், முகம் கழுவக் கூசாத தெளிந்த தண்ணீரில் பிறக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்காவின் மகனுக்கு ஒரு மார்கழியில் டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்த பிறகு நுளம்பு எனக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை. அவன் கட்டிலில் இருக்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அக்கா வீட்டுக்கு வந்தார். இளம் பிள்ளை. வந்தவர் வாசலில் இருந்த கானைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். அங்கே முந்திக் காலத்தில் உடுப்புத் தோய்த்த சீமெந்துத் தொட்டி ஒன்று கிடந்தது. வோஷிங் மெஷின் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர், இரண்டு பலா இலை. டோர்ச்சை அடித்தார். "இஞ்ச பாருங்க டீச்சர்" என்றார். மேலே தொங்கிக்கொண்டிருந்த குடம்பிகள், அதாவது நுளம்புப் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் எட்டு எட்டாக நெளிந்துகொண்டு அடிக்கு ஓடின. சின்ன மெல்லிய நூல்கள் மாதிரி, தலைப்பக்கம் கொஞ்சம் தடித்து.

பிறகு அவர் ஏணி கேட்டார். கூரைப் பீலியில் முருங்கை இலை அடைத்து நின்ற தண்ணீர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, வெளிக் கக்கூஸின் ஃபிளஷ் தொட்டி, காகம் குடிக்கட்டும் என்று மதிலில் வைத்த சட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பீலியிலும் ஃபிளஷ் தொட்டியிலும் குடம்பி இருந்தது. காகச் சட்டியில் இல்லை, அக்கா அதை ஒவ்வொரு நாளும் கழுவி வைப்பாள். வீட்டுக்குள் ஒரு பொட்டுக் குப்பை இல்லை, முற்றம் கூட்டிப் பெருக்கித்தான் கிடந்தது. துப்புரவான வீடு என்பதும் நுளம்பு இல்லாத வீடு என்பதும் வேறு வேறு. குப்பை இல்லை என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொட்டுவதற்கு முதல் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் கொஞ்சம் அள்ளிக்கொண்டேன். வாயில் நுளம்பு வலைத் துண்டை இரண்டு மடிப்பாகப் போட்டு, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, பாடசாலை ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் பார்க்க வைத்தேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் பதியாதது இந்தப் போத்தலைப் பார்த்தால் பதியும். வலை மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும், பறக்கத் தொடங்கியதும் போத்தலோடு ஐஸ்பெட்டியின் உறைபகுதிக்குள் வைத்துக் கொன்றுவிட வேண்டும்.

போத்தலில் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. குடம்பிக்கு வால்நுனியில் ஒரு குழாய், அதை நீர்மட்டத்தில் குத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுகிறது. நாலு தடவை தோல் கழற்றுகிறது. அப்புறம் கால்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழு. அது எதையும் தின்பதில்லை, இரண்டு நாள் போலச் சும்மா மிதக்கிறது, தட்டினால் மட்டும் துள்ளுகிறது. பிறகு முதுகு வெடித்து, ஈரக் காலோடு நுளம்பு தன் பழைய தோலின் மேலேயே ஏறி நின்று காய்கிறது. கறுப்புக் காலில் வெள்ளை வளையங்கள். உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால் முதுகில் வெள்ளைக் கோடுகளும் தெரியும். இருபக்கமும் வளைந்த கோடு இருந்தால் ஈடிஸ் எஜிப்தி, நடுவே ஒரே நேர்கோடு என்றால் ஈடிஸ் அல்போபிக்டஸ். இரண்டுமே டெங்கைப் பரப்பும். முன்னது வீட்டுக்குள்ளேயே குடியிருக்க விரும்புகிறது, பின்னதை வாழைத்தோட்டம், பற்றை, மரப்பொந்துப் பக்கம் கூடுதலாகக் காணலாம். எங்கள் சூட்டில் முட்டையில் இருந்து பறக்கிற நுளம்பு வரைக்கும் ஏழு நாளில் இருந்து பத்து நாள். கிழமைக்கு ஒருதரம் வளவைப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான். பதினைந்து நாளைக்கு ஒருதரம் என்றால் நடுவில் ஒரு கூட்டம் பறந்துவிடும்.

இப்போது தயிர்ச் சட்டிக் கதைக்கு வருகிறேன். மட்டக்களப்பில் எந்த வீட்டுக் கோடிக்குள்ளும் தயிர்ச் சட்டி அடுக்கிக் கிடக்கும். படுவான்கரை எருமைத் தயிர் வாங்கித் தின்றால் சட்டி மிஞ்சும், அதை எறிய மனம் வராது. ஒன்றில் கோழிக்குத் தண்ணீர், ஒன்றில் செடி, மிச்சம் மழையில் நனைந்தபடி கிடக்கும். மாரியில் எங்கள் வளவில் குடம்பி கண்ட இரண்டு சட்டிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் தண்ணீரைக் கொட்டினோம். ஒன்றைப் பிள்ளைகள் தும்பும் சவர்க்காரமும் போட்டு உள்விளிம்பு வரை உரஞ்சிக் கழுவினார்கள். மற்றதை அப்படியே வெயிலில் காயவிட்டோம். இரண்டையும் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டோம்.

பங்குனி வெயிலில் எடுத்தோம். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தன இரண்டும். கண்ணாடியைப் பிடித்து உரஞ்சாத சட்டியின் உட்சுவரைப் பார்த்தால், முன்பு தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மண்ணின் சொரசொரப்புக்குள் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர்கூட வராது, தூசி என்று விரலால் தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் தட்டினாலும் விழவில்லை. இரண்டு சட்டியிலும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வலை போட்டு மூடினோம். மறுநாள் காலையில் முதல் பாடத்துக்கு முன்னமே பிள்ளைகள் ஓடிவந்து கூப்பிட்டார்கள். உரஞ்சிக் கழுவிய சட்டியில் ஒன்றுமில்லை. மற்றதில் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற துளிப் புழுக்கள் நெளிந்தன. நடுவில் எந்த நுளம்பும் அந்தச் சட்டிக்குள் போகவில்லை, போகவும் முடியாது.

விஷயம் இதுதான். ஈடிஸ் நுளம்பு தண்ணீரில் முட்டை மிதக்கவிடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில், அதையும் ஒரே இடத்தில் போடாமல் நாலைந்து பாத்திரத்தில் பிரித்துப் போடும். அந்த முட்டை காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை வந்து மட்டம் ஏறி நனைத்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் அன்றைக்கு இருக்கிற குடம்பி சாகிறது, நாளைக்குப் பொரிக்கப் போகிற முட்டை சுவரிலேயே இருக்கிறது. கொட்டு, உரஞ்சு, கவிழ். இந்த மூன்றில் ஊரில் எல்லோரும் முதலாவதைச் செய்கிறார்கள், சிலர் மூன்றாவதைச் செய்கிறார்கள், நடுவில் உள்ளதை ஒருவரும் செய்வதில்லை. வாளி, பரல், சீமெந்துத் தொட்டி, பூச்சாடி, கோழித் தண்ணீர்ச் சட்டி என்று எதுவானாலும் கிழமைக்கு ஒருநாள் தும்பு போட்டு விளிம்புவரை உரஞ்ச வேண்டும். மண்சட்டியும் பூசாத சீமெந்தும் சொரசொரப்பு என்பதால் அதில் இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் வருடத்து மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை என்ற அந்த மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிறது. கோடையில் காய்ந்து கிடந்த பாத்திரமெல்லாம் ஒரேயடியாக நனைகிறது. கொழும்புப் பக்கம் ஆனி, ஆடியில் டெங்கு ஏறும், நமக்கு மார்கழி, தை, மாசி. அதனால் உரஞ்சுகிற பெரிய வேலையைப் புரட்டாதி, ஐப்பசியில், முதல் மழைக்கு முன்னமே முடித்துவிட வேண்டும். காய்ந்த பாத்திரத்தை ஏன் கழுவுகிறாய் என்று பக்கத்து வீட்டு மாமி முதல் வருடம் என்னைக் கேட்டார். இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

எல்லா நுளம்பும் ஒன்றல்ல. அதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தவறான நுளம்பைத் துரத்தித்தான் நம்முடைய காசும் சக்தியும் போகிறது. இரவில் காதடியில் பாடிக்கொண்டு கடிப்பது கியூலெக்ஸ். அதுதான் கானில், அழுக்குத் தண்ணீரில், மலசலகூடக் குழியில் பெருகுவது. முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பம் கட்டி நீர்மேல் மிதக்கவிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இந்த இனந்தான். குழியின் மூடியில் வெடிப்பு இருந்தால் சீமெந்து பூசி, காற்றுக்குழாயின் வாயில் நுளம்பு வலைத் துண்டைக் கட்டிவிட்டால் வீட்டில் இரவுக் கடி நன்றாகக் குறையும். ஐந்து நிமிட வேலை, ஆனால் ஒழுங்கையில் பாதி வீட்டில் இந்த வலை இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வாவியோரத்தில் ஆற்றுவாழை வந்து மொய்க்கும், அது எல்லோருக்கும் தெரியும். அப்படி மிதக்கிற செடிகளின் வேரில் மன்சோனியா என்ற இனம் பிறக்கிறது. அதன் குடம்பி மூச்செடுக்க மேலே வராது, வேரைத் துளைத்து அதற்குள் இருக்கிற காற்றை எடுக்கும். மேலே மருந்து தெளித்துப் பலன் இல்லை, செடியைக் கரையில் இழுத்துப் போட்டுக் காயவைப்பதுதான் வழி. வாவிக்கரையில் இருப்பவர்களுக்குப் பின்னேரத்தில் கடிக்கிற பெரிய நுளம்பு பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் பற்றி ஒரு வார்த்தை. அம்மா காலத்தில் மலேரியாக்காரர் வந்து வீட்டுச் சுவருக்கெல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போவார்கள். அனோபிலிஸ் கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் பழக்கம் உள்ளது, அதனால் அந்த வேலை பலித்தது. உள்நாட்டுத் தொற்று 2012இல் நின்றது, உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது 2016 புரட்டாதியில். அந்த வெற்றியை வைத்துக்கொண்டு டெங்குக்கும் வந்து மருந்து அடித்துவிட்டால் போய்விடும் என்று பெரியவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஈடிஸ் வேறு மாதிரி. தொங்குகிற உடுப்புக்குள், கட்டிலுக்குக் கீழே, கதிரைக்குப் பின்னால், இருட்டில் ஒளிந்திருக்கும். பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பறந்து போகிற தூரமும் அவ்வளவு இல்லை, பெரும்பாலும் ஒரு நூறு, இருநூறு மீற்றருக்குள் அதன் சீவியம் முடிந்துவிடும். அப்படியென்றால் வீட்டில் என் பிள்ளையைக் கடித்தது அனேகமாக என் வளவிலோ பக்கத்து வளவிலோ பிறந்ததுதான்.

புகை அடிப்பதைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்கிறேன். புகை வாகனம் வருகிறது என்றதும் எங்கள் ஒழுங்கையில் கதவு, ஜன்னல் எல்லாம் படபடவென்று சாத்துவார்கள். சாத்தினால் நுளம்பு உள்ளே பத்திரமாக இருக்கும். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடிவைத்து, சின்னப்பிள்ளைகளையும் இழுப்பு வருத்தக்காரரையும் தள்ளி அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து விட வேண்டும். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். குடம்பிக்கும் கூட்டுப்புழுவுக்கும் சுவரில் உள்ள முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த கிழமையே புதுக் கூட்டம் பறக்கும். நோயாளி இருக்கிற இடத்தில் அந்த நேரத்துக்குப் புகை தேவை, அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகை அடித்த அன்றைக்கே எல்லா வீட்டிலும் பாத்திரம் உரஞ்சினால் அதற்கு முழுப் பலன் கிடைக்கும்.

இனி கடலோரச் சங்கதி. நம்முடைய ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: உப்புத் தண்ணீரில் டெங்கு நுளம்பு வராது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் பரலுக்குள் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். 2011இல் இலங்கை ஆய்வாளர்கள் சிலர் நம்முடைய கரையோரங்களில் தேடிப் பார்த்து வெளியிட்டது இதற்கு நேர்மாறு. வீசப்பட்ட பிளாஸ்டிக் பாத்திரம், கண்ணாடிப் பாத்திரம், கைவிட்ட மீன்பிடி வள்ளம், பாவிக்காத கிணறு ஆகியவற்றில் லீற்றருக்கு 2 கிராமில் இருந்து 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரில் ஈடிஸ் குடம்பிகள் இருந்தன. கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும். கணக்குப் பாருங்கள். 200 லீற்றர்ப் பரல் அந்த 15 கிராம் அளவைத் தொடவே 3 கிலோ உப்பு வேண்டும், அதிலும் நுளம்பு பிறந்திருக்கிறது. கைப்பிடி உப்பு எந்த மூலைக்கு?

இந்தக் கணக்கைக் கொண்டு போய்த்தான் கடற்கரையில் தோணி வைத்திருக்கிறவர்களோடு கதைத்தோம். பழுதாகிப் போன ஃபைபர் வள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும், மேலே படங்கு போட்டிருந்தால் படங்கின் பள்ளத்திலும் நிற்கும். அலைத்தூறல் பட்டு லேசாக உப்புக் கரிக்கிற அந்தத் தண்ணீரில் ஒரு கிண்ணம் அள்ளிக் காட்டியபோது கூடிவிட்டார்கள். "தம்பி, கவிழ்த்து வைக்க ஏலாதா?" என்று கேட்டேன். பெரிய வள்ளத்தைக் கவிழ்க்க ஆள் வேண்டும், ஒவ்வொரு கிழமையும் நடக்காது என்றார் ஒருவர். அவரே வழியும் சொன்னார். அடியில் இருக்கிற தக்கையைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைக் கட்டை வைத்துச் சற்று உயர்த்தினால் தண்ணீர் தானே வடியும். நாங்கள் யோசித்திராத யோசனை. தொழில் செய்கிறவரிடம் கேட்டால் அவருக்குத் தோதான வழி அவரிடமே இருக்கும்.

கிணறுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. 2004 சுனாமியில் உப்பேறிப்போய்க் கைவிட்ட கிணறுகள் கடற்கரைப் பக்கம் கிடக்கின்றன. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு நல்ல கிணறுகளையும் பல வீடுகளில் பாவிப்பதில்லை. வாளி விழாத கிணற்றில் தண்ணீர் அசைவதில்லை, இடைக்கிடை கலக்கினால் மூழ்கிப்போகிற குடம்பி அங்கே சுகமாக வளர்கிறது. அதே நேரம், குழாய்த் தண்ணீர் நிற்கிற நாளுக்கென்று பரலிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். கிணறும் கிடக்கிறது, பரலும் கூடிவிட்டது.

பாவிக்காத கிணற்றுக்கு இரண்டு வழி செய்து பார்த்தோம். ஒன்று, கிணற்று வாய்க்கு இரும்பு வளையம் அடித்து நுளம்பு வலை இழுத்துக் கட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மாங்கொப்பு விழுந்து ஒரு மூலையில் கிழிந்தால் போதும், உள்ளே போன நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கிழமைக்குக் கிழமை வலையைப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் அது சரி. மற்றது கப்பி மீன். சின்ன மீன், லேசான உவரையும் தாங்கும், குடம்பியை விரட்டி விரட்டித் தின்னும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அதுதான் நின்று பிடித்தது. பிள்ளைகளிடம் பொறுப்புக் கொடுத்தால் மீனுக்காகவே எட்டிப் பார்ப்பார்கள், கிணறும் கண்காணிப்பில் இருக்கும். ஆனால் கிணறு, மூடிய தொட்டி தவிர வேறெங்கும் விட வேண்டாம். வாவியிலோ குளத்திலோ விட்டால் அங்குள்ள நம்முடைய சிறுமீன்களுக்குக் கேடு. குளோரின் கூடுதலாகப் போட்ட தண்ணீரிலும் மீன் செத்துவிடும். குடம்பியைக் கொல்லத் தண்ணீரில் போடுகிற அபேட் மருந்து தேவைப்பட்டால் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொல்கிற அளவில்தான் போட வேண்டும்.

ஒழுங்கையில் வேலையைத் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன், மற்ற ஊரில் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும். ஞாயிறு காலையில் நாலைந்து பேர், இரண்டு பேர் பெண்கள், ஒரு டோர்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு நீட்டுக் கரண்டி. கிண்ணம் வெள்ளையாக இருக்க வேண்டும், அதில்தான் குடம்பி தெளிவாகத் தெரியும். நோட்டீஸ் கொடுப்பது, விளக்கம் சொல்வது எல்லாம் பிறகு. வீட்டுக்காரரே தன் வளவுத் தண்ணீரை அள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கும்படி விடுவோம். "இஞ்ச பாருகா, நெளியுது" என்று ஒரு பெத்தா தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினால் அந்த வீட்டுக்கு நாங்கள் இன்னொருதரம் போகத் தேவையில்லை. குற்றம் பிடிக்க வந்த மாதிரிப் போனால் கேற்றைத் திறக்க மாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பயமும் இருக்கிறது. சட்டத்தைப் பரிசோதகர் பார்த்துக்கொள்வார், நாங்கள் வாயால் சொல்வதில்லை.

கூட்டுப்புழுவைத்தான் முதலில் தேடுவோம். சின்னக் குடம்பி ஆயிரம் இருந்தாலும் பாதி சாகும். கூட்டுப்புழு இருக்கிற பாத்திரத்தில் இருந்து இரண்டு நாளில் நுளம்பு பறக்கும். அப்படித் தேடிப் பார்த்தால் ஒழுங்கையின் நுளம்பில் பெரும்பங்கு ஒருசில பாத்திரங்களில் இருந்து வருவது தெரியும். எங்களுக்குத் தெரிந்த வரையில் யோகட் கப், சிரட்டை, இளநீர்க் கோம்பை எல்லாம் எண்ணிக்கையில் கூட, ஆனால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பரல், சீமெந்துத் தொட்டி, பழைய டயர், கிணறு இவைதான் விடாமல் நுளம்பு தருவது. டயரை எப்படிக் கவிழ்த்தாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும். துளை போடுங்கள், அல்லது மண் நிரப்பிப் பூச்செடி வையுங்கள், கூரைத் தகரம் பறக்காமல் இருக்க வைத்த டயராக இருந்தால் அதற்குப் பதிலாகக் கல்லையோ மண் மூட்டையையோ வையுங்கள்.

கட்டுகிற வீடுகள் பெரிய தலைவலி. தூணுக்கு வெட்டின கிடங்கு, சீமெந்து குழைக்கிற தொட்டி, கொங்கிறீற் நனைக்கத் தட்டில் தேக்குகிற தண்ணீர். மேசன்மார் வேலையை விட்டு மழைக்கு நின்றுவிட்டால் யாரும் போவதில்லை. அதற்குத் தனியாக ஒருவரைப் பொறுப்பாக்கினோம். மழை விட்ட அடுத்த நாள் அவர் போய்த் தட்டில் தேங்கினதைத் தள்ளிவிடுவார். சேமக்காலையில் பூ வைக்கிற சாடிக்கு ஈர மண் போட்டு அதில் பூவைக் குத்தலாம் என்று கோவிலில் சொன்னார்கள், இப்போது பல கல்லறைகளில் அப்படித்தான் இருக்கிறது.

காய்ச்சல் வந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரசிட்டமோலும் தண்ணி, கஞ்சி, இளநீரும் போதும், அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபினக் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் தொடங்கியதுமே டொக்டரிடம் காட்டி, அவர் சொல்கிற நாளில் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இறங்குகிற நேரந்தான் டெங்கில் ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. வயிற்றுக் குத்து, விடாத சத்தி, சோர்வு, மூத்திரம் குறைவு, எங்காவது இரத்தக் கசிவு என்றால் அந்தக் கணமே ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது: காய்ச்சற்காரரைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவைக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் அவர் இரத்தத்தில் வைரஸ் இருக்கும், அப்போது கடித்த நுளம்பு எட்டுப் பத்து நாளில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். 2017இல் நாடு முழுக்க 186,000க்கு மேல் நோயாளிகள், பக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவே கலங்கிப் போனது. அந்த வருடத்துக்குப் பிறகாவது இந்தப் பகல் வலை எல்லா வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும்.

இப்போது எங்களுக்குத் தீராமல் நிற்பது பூட்டின வீடுகள். பிள்ளைகள் கனடாவில், சுவிஸில். வீடு மாடி, மதில் உயரம், உள்ளே கிணறு, மேல்தொட்டி, மூன்று கக்கூஸ். வெளியில் இருந்து பார்த்தால் பூஞ்செடி தெரியும், உள்ளே என்ன நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று செய்யுங்கள். லீவு முடிந்து கிளம்புகிற அன்று எல்லாக் கக்கூஸின் ஃபிளஷ் தொட்டி மூடியையும் டேப் ஒட்டி அடையுங்கள். கொமட்டின் மேல் பொலித்தீன் விரித்துக் கட்டுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையை மூடுங்கள், அதன் கீழ் வளைவில் தண்ணீர் நிற்கும். மேல்தொட்டியை வெறுமையாக்கி மூடியை இறுக்குங்கள், வழிகுழாயின் வாய்க்கு வலை கட்டுங்கள். வாளிகளை உரஞ்சிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். பீலியை வாரிவிடுங்கள். கேற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், வீட்டுக்குள் போகத் தேவையில்லை, வளவுக்குள் போனால் போதும்.

வட்ஸப்பில் படம் அனுப்பிக் கேட்டதில் சிலர் உடனே சாவி தந்தார்கள். ஒருவர் தன் செலவில் கிணற்றுக்கு வலையும் போட்டுத் தந்தார். ஒழுங்கையின் கடைசி வீடு மட்டும் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. மதிலுக்கு மேலால் பார்த்தால் மூடி இல்லாத நீலப் பரல் ஒன்று பீலிக்கு நேர்கீழே நிற்கிறது. வீட்டுக்காரரின் தங்கை ஏறாவூரில் இருக்கிறாராம். ஐப்பசி பிறக்கப் போகிறது, வருகிற ஞாயிறு இரண்டு பேர் ஏறாவூருக்குப் போய்ச் சாவியைக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தும்பும் சவர்க்காரமும் பையில் தயார்.